எட்டுக் கிலோ ஈயமும் எஞ்சிய மண்ணும்: கடலோரக் கொல்லை ஒன்றில் நடந்த பேட்டரி உருக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள், இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் பழுதுபார்க்கும் காலமாகும். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது, வலை கோப்பது ஆகிய வேலைகளோடு, ஆண்டு முழுவதும் உப்புக்காற்றிலும் குலுக்கலிலும் கிடந்து செத்துப்போன பேட்டரிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டுவதும் இந்த நாட்களில்தான் நடக்கிறது. இன்ஜினைக் கிளப்பவும், விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ் ஆகியவற்றை இயக்கவும் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு படகு என்றால் பழைய பேட்டரி இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவை எங்கே போகின்றன என்பதை ஒரு வீட்டின் கொல்லையில் இருந்து பார்த்து எழுதியதே இந்த ஆய்வு.

வீடு ஏர்வாடிக்கும் மூக்கையூருக்கும் இடைப்பட்ட கரையில் இருக்கிறது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. இத்தொழில் அந்த ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று, அவர்களோ கேட்டதும் படலைத் திறந்து உள்ளே விட்டவர்கள். நான் ஈயம் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். தடைக்காலத்தில் ஊருக்கு வந்திருந்தபோது, படகு வைத்திருக்கும் என் மைத்துனர் தம் பழைய பேட்டரிகளை அங்கே கொண்டுபோய்ப் போடச் சென்றார். நானும் உடன் போனேன். தொடக்கம் அவ்வளவுதான்.

கொல்லையில் நடந்த வேலை

அந்த வீட்டுக்காரர் வலை கோப்பவர். வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக்குண்டுகளை வார்ப்பவரும் அவரே. இந்தக் கரைக்கு உலோகம் பிரிக்கும் வேலை புதிதன்று. வாலிநோக்கத்தில் கப்பல் உடைக்கும் தளமே இருந்திருக்கிறது. ஆனால் கப்பலை உடைப்பது ஊரறிய நடக்கும், பேட்டரியை உடைப்பது பனையோலை வேலிக்குப் பின்னால் நடக்கும். அவருடைய முறை இது: மூடிகளைத் திருகி எடுத்துப் பேட்டரியைக் கவிழ்த்து ஆசிட்டை மணலில் வடியவிடுவார். பிறகு மேல்மூடியைக் கோடரியால் பிளந்து தகடுக் கட்டுகளை உருவுவார். அவற்றைக் கல்லில் தட்டினால், பூசப்பட்ட பசை உதிர்ந்து, வலைப்பின்னல் போன்ற ஈயச் சட்டம் கையில் மிஞ்சும். அந்தச் சட்டங்களையும் முனைக்கட்டைகளையும் இரும்புச் சட்டியில் போட்டுச் சீமைக்கருவேலங் கரியில் உருக்குவார். கரிக்கு இந்த மாவட்டத்தில் குறைவில்லை. ஈயம் உருகுவதற்கு 327 டிகிரி செல்சியஸ் போதும் என்பதால், சிறிய ஊதி ஒன்று வைத்தாலே கால் மணி நேரத்தில் சட்டி பளபளக்கத் தொடங்கிவிடும். மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, இரண்டு பாதியாகப் பிரியும் அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தால் குண்டு தயார்.

"பேட்டரி ஈயம் கெட்டி சார். கடையில வாங்குற ஈயம் பாறையில உரசுனா நசுங்கிப்போகும், இது நசுங்காது" என்றார். அவர் சொன்னது சரியே. பழைய வகைப் பேட்டரிகளின் சட்டத்தில் ஈயத்தோடு ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும். அக்கலவை தூய ஈயத்தைவிடக் கடினமானது. படிப்பில்லாமலே அவர் ஓர் உலோகக் கலவையை இனங்கண்டு, அதற்கேற்ற பயன்பாட்டையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். இந்தத் திறமையைப் பார்த்த பிறகு, அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் அவரை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்த உலோகத்தை அவர் நன்றாகவே மீட்டார். சிக்கல் முழுவதும் கண்ணுக்கு உலோகமாகத் தெரியாத பகுதியில் இருந்தது.

தராசில் வைத்துப் பார்த்தது

ஒரு பேட்டரியை உடைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்க்கலாம் என்றேன். மீன் நிறுக்கும் தராசு வீட்டிலேயே இருந்தது. ஆசிட்டோடு ஏறத்தாழ 30 கிலோ இருந்த பேட்டரியில், வடிந்தது ஐந்தரைக் கிலோ. பெட்டியும் தகடுகளுக்கு இடையிலுள்ள தடுப்புகளும் இரண்டரைக் கிலோ. சட்டமும் முனைகளும் 9 கிலோ. உதிர்ந்த பசை 13 கிலோ. சட்டத்தை உருக்கியபின் அச்சுக்குப் போனது 8 கிலோ. மீதி ஒரு கிலோ கசடாயிற்று.

பதின்மூன்று கிலோ பசையை அவர் மண் என்றே சொன்னார். பார்ப்பதற்கும் மண் போலத்தான் இருந்தது: ஒரு வகைத் தகட்டிலிருந்து உதிர்ந்தது காப்பிக்கொட்டைப் பொடி நிறம், மற்றதிலிருந்து உதிர்ந்தது சாம்பல் நிறம். முன்னது ஈய டை ஆக்சைடு. பின்னது பேட்டரி உயிரோடு இருந்தபோது பஞ்சு போன்ற ஈயமாக இருந்து, மின்சாரம் இறங்க இறங்க ஈய சல்பேட்டாக மாறியது. பேட்டரி செத்துப்போவது என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்: இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிந்து இறுகி, மறுபடி மின்னேற்றினாலும் கரையாமல் நின்றுவிடுகிறது. ஈய சல்பேட்டின் எடையில் 68 விழுக்காடும் ஈய டை ஆக்சைடின் எடையில் 86 விழுக்காடும் ஈயமே. ஈரமும் பிற பொருள்களும் போக, கழிந்த பேட்டரியின் பசையில் எடைக்கு 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஈயம் இருக்கும் என்பது தொழிலில் தெரிந்த கணக்கு. அப்படியானால் அந்த 13 கிலோவில் 9 கிலோவுக்கு மேல் ஈயம். பேட்டரி முழுவதிலும் 18 கிலோ. அச்சுக்குப் போனது 8. பாதிக்கு மேல் கொல்லையிலேயே கிடந்தது.

இதைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பசையையும் உருக்கிப் பார்த்திருப்பதாகவும், அது கருகிக் கட்டியானதே தவிர ஈயம் வரவில்லை என்றும் சொன்னார். அதற்குக் காரணம் இருக்கிறது. ஈய சல்பேட்டோடு கரியைச் சேர்த்துச் சூடேற்றினால், கரி அதிலுள்ள ஆக்சிஜனை மட்டும் பிடுங்கிக்கொள்கிறது. கந்தகம் ஈயத்தை விடுவதில்லை. பெரும்பகுதி ஈய சல்பைடாகிறது. அது உருக 1,100 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். கொல்லை அடுப்பு அங்கே எட்டாது. ஆலையில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பசையை முதலில் சோடா உப்புக் கரைசலில் கலக்கினால் கந்தகம் சோடியம் சல்பேட்டாகக் கரைசலுக்குப் போய்விடும், ஈயம் கார்பனேட்டாக அடியில் தங்கும்; பிறகு அதைக் கரியோடு உருக்குவது எளிது. அல்லது பசையோடு இரும்புத்தூளையும் சோடா உப்பையும் சேர்த்து, 1,000 டிகிரிக்கு மேல் எரியும் சுழல் உலையில் போட்டால், இரும்பு கந்தகத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு ஈயத்தை விடுவிக்கும். இரண்டுக்கும் புகையைப் பிடித்து வடிகட்டும் துணிப்பை அறை, கந்தக வாயுவைக் கழுவும் கோபுரம், கழிவுநீர்த் தொட்டி ஆகியவை வேண்டும். ஒரு வீட்டில், ஒரு தெருவில், ஓர் ஊரில்கூட வைத்துக்கொள்ளக் கூடியவை அல்ல இவை. ஆகவே கொல்லை உருக்கைச் சற்றுத் திருத்தினால் போதும், ஒரு புகைக்கூண்டு வைத்தால் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேட்டரியை அந்த இடத்தில் திறந்த உடனேயே பாதி உலோகம் கைவிட்டுப் போய்விட்டது.

மண் ஆசிட்டைத் தின்றது

ஆசிட் ஊற்றிய இடத்தைக் காட்டச் சொன்னேன். சிப்பித்தூள் நிறைந்த மணல். ஆசிட் விழுந்ததும் சோடா உடைத்தது போல நுரைத்துப் பொங்கியது, சிறிது நேரத்தில் அடங்கி வெண்மையாகக் காய்ந்தது. "மண்ணு தின்னுரும் சார், ரெண்டு நாள்ல ஒண்ணும் இருக்காது" என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். வேதியியலும் ஆசிட்டைப் பொறுத்தவரை அவர் பக்கமே நிற்கிறது: சிப்பியின் கால்சியம் கார்பனேட் கந்தக அமிலத்தைச் செயலிழக்கச் செய்து ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. ஆனால் அந்த ஆசிட்டில் மிதந்தும் கரைந்தும் வந்த ஈயம் எங்கும் போவதில்லை. அதே சிப்பி மணல் அதைக் கார்பனேட்டாகப் பிடித்து மேல்மண்ணிலேயே வைத்துக்கொள்கிறது.

ஊரில் எல்லோருக்கும் இருந்த பயம் இரண்டு: ஊற்று நீர் கெட்டுவிடுமோ, மீன் கெட்டுவிடுமோ. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால், கடலைப் பற்றிய பேச்சு இங்கே வாய்க்கு எளிதில் வருகிறது. ஆனால் ஈயம் மண்ணில் வேகமாக இறங்கும் பொருளன்று. அது காய்ந்து தூசியாகி, துடைப்பத்தோடு வீட்டுக்குள் வந்து, பாயில் படிந்து, தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும் பாதையே குறுகியதும் ஆபத்தானதும் ஆகும். ஈயக் கார்பனேட் தண்ணீரில் கரையாவிட்டாலும் வயிற்று அமிலத்தில் நன்றாகக் கரையும். உட்கொண்ட ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் ஏற்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடலில் அது இன்னும் கூடும். அந்த வீட்டில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நான் போன அன்று, பசைக் குவியலின் ஓரத்தில் தேங்காய்ச் சிரட்டையால் அச்சு வார்த்து விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா செய்வதையே அவனும் செய்தான்.

உப்பளம் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாலிநோக்கத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் உப்பு விளைவிப்பது பெரிய தொழில். கொல்லைக்குப் பின்னால் அளத்துக்குப் போகும் தடத்தில் இருந்த பள்ளங்களைப் பசையையும் கசடையும் போட்டு நிரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் புதையாமல் இருக்கச் செய்த நல்ல காரியம் என்றே எண்ணியிருந்தார்கள். நல்ல தண்ணீரில் ஈய சல்பேட் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவே கரையும். முற்றிய உப்புநீரில் கதை வேறு: அதிலுள்ள குளோரைடு ஈயத்தோடு சேர்ந்து கரையக்கூடிய கூட்டுப்பொருளை உண்டாக்குவதால், கரைவது பல மடங்கு கூடுகிறது. துத்தநாக ஆலைகளின் கழிவிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்க அடர்ந்த உப்புக் கரைசலால் கழுவும் தொழில்முறையே இதன் அடிப்படையில் அமைந்தது. ஓர் ஆலை விரும்பிச் செய்யும் வேலையை அளத்து வரப்பு ஓரத்தில் அவர்கள் அறியாமல் செய்துகொண்டிருந்தார்கள். மற்ற எதையும்விட அந்தத் தடத்தைத்தான் முதலில் சுரண்டி எடுக்கச் சொன்னேன்.

இந்த அச்சம் மிகையன்று என்பதற்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு சான்று இருக்கிறது. செனகல் நாட்டின் தலைநகர் டாக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற மீனவர் குடியிருப்பில், கொல்லர்கள் பல ஆண்டுகளாகக் கார் பேட்டரியை உடைத்து வலைக்கு எடைக்கட்டி வார்த்துவந்தார்கள். ஈய விலை ஏறியபோது, மணலில் சேர்ந்து கிடந்த ஈயத்துக்கு வாங்க ஆள் வந்ததால், பெண்கள் மணலை அள்ளி வீட்டு வாசலில் வைத்துச் சலித்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அங்கே பரிசோதித்த 81 பேரில் ஒருவர்கூட ஈய நஞ்சிலிருந்து தப்பியிருக்கவில்லை. கடற்கரை மணல், வலைக்குண்டு, பேட்டரி, வீட்டு வாசல் ஆகிய எதையும் மாற்றாமல் அந்த நிகழ்வை இங்கே கொண்டுவந்து வைக்கலாம்.

அந்த வீட்டுக்காரரிடம் நான் இதை முழுதாகச் சொல்லவில்லை. பையனுக்கும் அவனுடைய அக்காவுக்கும் மதுரையில் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஒரு டெசிலிட்டர், அதாவது நூறு மில்லிலிட்டர், இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இருவருக்கும் அதைத் தாண்டியிருந்தது. பையனுக்கு நன்றாகவே தாண்டியிருந்தது. முடிவு வந்த அன்றே அடுப்பை அணைத்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை.

எதை மாற்றினோம்

அடுப்பு நின்றது, அதனால் பேட்டரிகள் வருவது நிற்கவில்லை. படகுக்காரர்கள் அவரிடம் கொண்டுவந்து போடக் காரணம் இருந்தது. பழைய இரும்புக் கடையில் ஆசிட் வடித்த பேட்டரிக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை, வடிக்காததற்குக் குறைந்த விலை. ஆசிட்டின் எடைக்குக் காசு கொடுக்க யாருக்கும் விருப்பமில்லை, ஆசிட்டோடு வண்டியில் ஏற்றவும் விருப்பமில்லை. ஆகவே சங்கிலியின் முதல் கண்ணியிலேயே பேட்டரியைக் கவிழ்க்கச் சொல்லும் விலைமுறை இது. படகுக்காரர் தாமே கவிழ்க்கத் தயங்கினார். அந்த வேலையைச் செய்துகொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வலை கோப்பவர் அந்த ஆளானார். சட்டம் என்ன சொன்னாலும் விலை கவிழ்க்கச் சொன்னால் ஆசிட் மணலுக்குத்தான் வரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளரே தன் பேட்டரிகளைத் திரட்டிப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கின்றன. பேட்டரியின் உலர் எடையில் எத்தனை விழுக்காடு மீட்கப்பட வேண்டும் என்ற இலக்கும் அவற்றில் உண்டு. வாகன வகைப் பேட்டரிகளுக்கு அது 2025-26 முதல் 60 விழுக்காடு. கொல்லையில் மீட்டது, ஆசிட் போக இருந்த இருபத்துநான்கரைக் கிலோவுக்கு 8 கிலோ என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

மைத்துனரும் இன்னும் சில படகுக்காரர்களும் சேர்ந்து, இராமநாதபுரத்தில் புதிய பேட்டரி வாங்கும் கடைக்காரரிடம் பேசினோம். பழையதை மூடி திறக்காமல், ஆசிட்டோடு, நிமிர்த்தியபடி கொண்டுவந்தால், எடை பார்க்காமல் பேட்டரிக்கு இவ்வளவு என்று பில்லில் கழித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவரிடமிருந்து அவை பதிவு பெற்ற ஆலைக்குப் போகின்றன. அங்கே பேட்டரி முழுதாகச் சம்மட்டிகள் சுழன்று நொறுக்கும் இயந்திரத்துக்குள் விழுந்து உடைகிறது. உடைந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக்காலான பெட்டித் துண்டுகள் மேலே மிதக்கும், ஈயம் அடியில் மூழ்கும், பசை குழம்பாகத் தனியே வடிகட்டப்படும். ஒருவர் கோடரியோடு அரை மணி நேரம் செய்யும் வேலையைத் தண்ணீர் தானாகவே பிரித்துக்கொடுத்துவிடுகிறது. ஆசிட்டும் தொட்டியில் பிடிபடுகிறது.

வலை கோப்பவருக்கு என்ன கிடைத்தது என்பதே இந்த ஏற்பாட்டின் கடினமான பகுதி. குண்டு வார்ப்பதில் அவருக்கு ஈயம் ஏறக்குறைய இனாமாகக் கிடைத்துவந்தது. இப்போது வார்த்த குண்டை வாங்கித்தான் வலையில் கட்ட வேண்டும். படகுகளிலிருந்து பேட்டரிகளை இறக்கி, பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி, மூடிகளைச் சரிபார்த்து, கடைக்கு ஏற்றி அனுப்பும் பொறுப்பை அவரிடமே கொடுத்து, பேட்டரிக்கு ஒரு தொகை என்று படகுக்காரர்கள் கொடுக்கிறார்கள். முன்பு வந்ததைவிட அது குறைவு. தடைக்காலம் முடிந்து வரத்து அருகிய மாதங்களில் இன்னும் குறைவு. அவர் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்கிறார். அது நியாயமான குறை. ஆலைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 9 கிலோ ஈயத்தின் மதிப்பில் ஒரு பங்கு, மூடி திறக்காத கைக்கு வந்து சேரும் வகையில் விலை அமைந்தாலன்றி, இதே கரையில் வேறொரு கொல்லையில் வேறொரு அடுப்பு மூளும்.

கொல்லையைச் சுத்தம் செய்தது எளிய வேலை, சலிப்பான வேலை. துடைப்பம் தொடக்கூடாது என்பது முதல் விதி. பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத் துணியால் துடைப்பதே சரி. மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு நனைத்துச் சுரண்டி, பசை, கசடு, அளத்துத் தடத்தில் போட்டது ஆகிய எல்லாவற்றையும் இரட்டைச் சாக்கில் கட்டி, அபாயகரக் கழிவாக முறைப்படி எழுதி ஆலைக்கு அனுப்பினோம். காகித வேலை மண் சுரண்டியதைவிட அதிக நாள் பிடித்தது. சுரண்டிய இடத்தில் வேறிடத்து மணலைப் பரப்பி, வாசற்புறத்துக்கு மட்டும் சிமெண்ட் தளம் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிள்ளைகளுக்கும் அளவு இறங்கியிருந்தது. இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும் தன்மை கொண்டது. எலும்பில் ஏறியது பல்லாண்டுகள் தங்கிச் சிறுகச் சிறுக இரத்தத்துக்குத் திரும்பும். ஆகவே பரிசோதனை தொடர்கிறது.

கடைசியாகப் போனபோது, வலை இருக்குமிடம் காட்ட இரவில் மினுக்கும் விளக்கிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரிகள் சிலவற்றையும், மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரிப் பெட்டியையும் காட்டி, இவற்றிலும் ஏதாவது தேறுமா என்று வலை கோப்பவர் கேட்டார். தேறும்: செப்புத் தாள், அலுமினியத் தாள், வகையைப் பொறுத்துக் கோபால்ட், நிக்கல், எல்லாவற்றிலும் லித்தியம். ஆனால் இவற்றைப் பிளந்தால் தீப்பிடிக்கும். உள்ளிருக்கும் திரவத்திலுள்ள உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் புளோரைடு என்ற கொடிய வாயுவைக் கக்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மின்சாரம் இறங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். உப்புநீரில் முனைகள் அரித்து அற்றுப்போவதே பெரும்பாலும் நடக்கிறது. முனை போனபின் உள்ளே மின்சாரம் அப்படியே நிற்கும், வெளியே இறங்கிவிட்டது போலத் தோன்றும். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய வாளியில் தனித்தனியாக வைத்து, ஈயப் பேட்டரிகளோடு கலக்காமல் அனுப்பச் சொன்னேன்.

உருக்கிய இரும்புச் சட்டி கொல்லை மூலையில் கவிழ்த்துக் கிடந்தது. நல்ல கனமான சட்டி. இறால் அவிக்க ஆகும் என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் போட்டாலும் யாராவது வாங்கி அடுப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று, அவரே அடியில் உளி வைத்து மூன்று ஓட்டை அடித்துவிட்டு, பேட்டரிகளோடு வண்டியில் ஏற்றினார்.